இருசாயி கிள்ளிய மொட்டுகள்

மலைமேல் திண்ணனூர் நாட்டில் இருசாயியைப் பற்றி விசாரித்தால், அவள் காட்டில் விளையும் சாமையையோ பலா மரத்தையோ யாரும் சொல்லமாட்டார்கள். "மொட்டு கிள்ளுறவ" என்பார்கள். பைத்தியம் என்று சொல்ல வாய் வராதவர்கள் வைத்த பேர் அது. ஊருக்கு என்ன, வைத்துவிட்டுப் போய்விடும்.

மலைக்கு பஸ் ஏறாத ஐம்பதுகளில் அவள் புருஷன் பொன்னனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஓடையோரம் தரையோடு படரும் மஞ்சள் கரிசலாங்கண்ணியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது அங்கே வழக்கம். அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. பூவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இலையில் கை வைக்க வேண்டும். அதே ஈரத்தில், அதே சொரசொரத்த இலையோடு இன்னொரு செடியும் படரும். அது வெளிர்நீலமாகப் பூக்கும். மாடுகூட மோந்துவிட்டு விலகிப் போகும். பூ இல்லாத நாளில் எது எதுவென்று சொல்ல முடியாது.

அப்போது பங்குனி வெயில். ஓடையில் பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. வீட்டில் கிடந்தவனுக்கோ நகக்கண்கூட மஞ்சளித்துவிட்டது. இருசாயி பூவைப் பார்க்காமலே பறித்து வந்தாள். குறை சொல்கிறவர்கள் அன்றைக்கு அவள் இடத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பொன்னன் பிழைக்கவில்லை. பாடை எடுக்கும்போது அவன் தங்கை பாப்பாயி அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்.

"பூவப் பாத்துத்தான் பறிச்சீங்களா அண்ணி?"

இருசாயி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அரைத்தது போக மீந்த தண்டுகளை அவள் புழக்கடையில் எறிந்திருந்தாள். சட்டி கழுவும் தண்ணீரில் அவை கணுவுக்குக் கணு வேர்விட்டு எழுந்தன. புருஷனுக்குக் கொடுத்தது மருந்தா விஷமா என்று சொல்ல அந்தச் செடி ஒன்றுதான் மிச்சம். பிடுங்கிப் போட மனம் வரவில்லை, பூக்கவிடத் தைரியமும் வரவில்லை. தண்ணீர் ஊற்றினாள், எரு வைத்தாள், மொட்டு பச்சையாக இருக்கும்போதே கிள்ளினாள். வருஷக்கணக்கில் இதே வேலை.

செத்த பொன்னனும் வீட்டைவிட்டுப் போகவில்லை. உயிரோடு இருந்தபோது காட்டிலிருந்து வந்தால் புழக்கடையில் கால் கழுவிக்கொண்டே இருமுவான். சோறு போடு என்பதற்கு அவன் பாஷை அது. பொழுது சாய்கிற நேரத்தில் அந்த இருமல் இன்னமும் கேட்டது. கணக்குக் கேட்கத்தான் நிற்கிறான் என்று அவள் நடுங்கினாள். நடுங்கிக்கொண்டே வட்டிலில் சோறு வைத்தாள்.

மலைமேல் செம்மேடு வரைக்கும் பஸ் வந்த பிறகு ஓர் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. பஸ் பாதை அறுந்து ஆஸ்பத்திரிக்கு இறங்க வழியில்லை, ஓடையோரச் செடியெல்லாம் வெள்ளத்தோடு போனது. பாப்பாயி தடியூன்றி வந்து இருசாயி வீட்டு வாசலில் நின்றாள். அவள் கண் இரண்டும் மஞ்சள்.

"உங்க ஊட்டுப் பொறத்தால இருக்கறத அரைச்சுக் குடுங்க அண்ணி."

"அது என்ன செடின்னு எனக்கே தெரியாது கண்ணு."

"அப்பப் பூக்க உடுங்க. பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து இருசாயி கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மொட்டு நாளுக்கு நாள் பருத்தது. நீலமாக விரிந்தால் அதையே அரைத்துக் குடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஒரு விடியலில் தூறலுக்கு நடுவே பூ விரிந்தது. சுத்தமான மஞ்சள். சேற்றிலேயே உட்கார்ந்து, இத்தனை வருஷம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

பாப்பாயி அங்கேயே தங்கி அதைக் குடித்துத் தேறினாள். ஊருக்குக் கிளம்பும்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் உங்களால போகலீங்க அண்ணி. நாந்தான் வாய உட்டுட்டேன்."

அன்று பொழுது சாய்ந்தது. இருசாயி சோற்றை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். புழக்கடையில் சத்தமே இல்லை. மறுநாளும் இல்லை. கேட்க வேண்டிய கணக்கு தீர்ந்ததும் அவன் போய்விட்டான் என்பது மெல்ல உறைத்தது. புருஷன் செத்தது அன்றைக்குத்தான் என்று அவளுக்குப் பட்டது.

அடுத்த நாள் காலையில் புழக்கடைக்குப் போய், அந்தக் கணக்கு தீராமலே கிடக்கட்டும் என்பதுபோல, விரிந்திருந்த பூக்களையும் மொட்டுகளையும் ஒன்று விடாமல் கிள்ளிப் போட்டாள். பொழுது சாய்ந்ததும் வட்டிலில் சோறு போட்டு வைத்துவிட்டுக் இருமலுக்குக் காது கொடுத்து நின்றாள்.