சீதன வீட்டுச் சுவரும் கென்யாவின் யானையும்

காட்டு யானையால் வீடு சேதமடைந்தால் உடனே கிராம உத்தியோகத்தருக்கு அறிவிக்க வேண்டும். பொறுப்பான உத்தியோகத்தர் வந்து பார்வையிடும்வரை, சேதமடைந்த பகுதியை அடைக்கவோ திருத்தவோ கூடாது. விலங்கின் படத்தை நட்டஈட்டு விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். ஒழுங்கு இவ்வளவுதான். இது எங்கள் குடும்பத்துக்குத் தேவைப்பட்ட நாளில், குடும்பத்தில் இதை அறிந்த ஒரே ஆளான நான் கென்யாவில் ஒரு ஜீப்புக்குள் இருந்தேன்.

கட்டாரில் வேலை செய்யும் என் மகனின் ஏற்பாடு அது. ஓய்வூதியக்காரன் உலகம் பார்க்க வேண்டும் என்று அவனாகவே தீர்மானித்து, எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் போட்டு, தானும் லீவு எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வாழ்நாளெல்லாம் பிரதேச செயலகத்தில் வேலை பார்த்த எனக்கு, அபிப்பிராயம் கேட்காமல் எடுக்கப்படும் தீர்மானங்கள் புதியவை அல்ல. போனேன்.

ஜீப் சாரதி முதல் நாளே ஐந்து மிருகங்களின் பெயரைச் சொன்னான். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை. இந்த ஐந்தையும் பார்த்தால்தான் வந்த பயணம் நிறைவேறுமாம்.

"ஒட்டகச்சிவிங்கி இல்லயா?" என்று மனைவி கேட்டாள். "அந்த உசரத்தில நிக்கிது, ஆர்ர கண்ணுக்கும் படல்லயா?"

ஐந்தையும் தெரிவு செய்த அதிகாரி யார் என்று நான் மகன் மூலம் விசாரித்தேன். முன்னொரு காலத்து வேட்டைக்காரர்களாம். சுடுவதற்குக் கஷ்டமானவற்றை அவர்கள் வரிசைப்படுத்தினார்களாம். துப்பாக்கி போய்விட்டது, சுற்றுநிருபம் மட்டும் இன்னும் அமுலில் இருக்கிறது.

எருமையைக் காட்டியபோது சாரதி குரலைத் தாழ்த்தினான். மிகவும் ஆபத்தானதாம். மனைவி அதை நன்றாகப் பார்த்துவிட்டு, "எருமயப் பாக்கவா பிளேன் ஏறின? நம்மட காரைதீவு றோட்டில நிண்டா மறிச்சிக்கிட்டுப் போகும். இது தயிருக்கும் உதவாது," என்று முடிவு சொன்னாள்.

சிங்கங்கள் ஒரு மரத்தடியில் படுத்திருந்தன. சுற்றிவர ஜீப்புகள் நின்றன. பகல் சாப்பாட்டுக்குப் பிந்திய காரியாலயம் மாதிரி இருந்தது அந்த இடம். உள்ளே நித்திரை, வெளியே பொதுமக்கள். ஒரு சிங்கம் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. நாளைக்கு வரச் சொல்வதுபோல மூடிக்கொண்டது.

யானைக்கூட்டத்துக்கு முன்னால் சாரதி எஞ்சினை நிறுத்தினான். கொம்பன் ஒன்று காதை விரித்துக்கொண்டு வந்து எங்களுக்குக் குறுக்கே நின்றது. மூச்சு விடக்கூட யோசிக்கும் நேரம். என் கைத்தொலைபேசி அடித்தது. மாவடிப்பள்ளியிலிருந்து என் தங்கை. அண்ணனான என்னை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, ஆனை வந்திட்டு."

"ஓம். இஞ்சயும் முன்னுக்குத்தான் நிக்கிது."

"பகிடி விடாதீங்க காக்கா. புள்ளட வீட்டுச் சுவர உடைச்சிட்டு."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தங்கையின் மகளுக்கு வீடு கட்டி முடிந்து, நிக்காஹ் பேசியாகிவிட்டது. தங்கையின் கணவர், என் மச்சான், அறுவடை நெல் மூட்டைகளை அந்தப் புது வீட்டில் மணமக்களுக்கென்று கட்டிய மணவறைக்குள் அடுக்கி வைத்திருந்தார். சீமெந்துத் தரை, எலி வராது என்பது அவர் கணக்கு. எலி வரவில்லை.

"ஒரு கல்லையும் தொடாதீங்க," என்றேன். "உத்தியோகத்தர் வந்து பாக்கணும்."

"மாப்பிளட உம்மா வீடு பாக்க வரப்போறா காக்கா."

"அவவும் பாக்கட்டும்."

மனைவி தொலைபேசியைப் பறித்தாள். "அவள் அழுறாள், நீங்க சட்டம் கதைக்கிறீங்க."

விஷயத்தை மகன் சாரதிக்கு மொழிபெயர்த்தான். சாரதி எங்களை மரியாதையோடு திரும்பிப் பார்த்தான். "உங்கள் ஊரில் வீட்டுக்கே வருமா? பிறகு ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று கேட்டான். மகன் எங்களைப் பார்த்தான். நாங்கள் யானையைப் பார்த்தோம்.

அன்று பின்னேரம் அந்தக் கொம்பனின் படத்தைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

ஊர் திரும்பி, மச்சான் அனுப்பியிருந்த விண்ணப்பத்தின் பிரதியைப் பார்த்தபோது, இணைப்பாக அதே கொம்பன் நின்றது. பின்னால் கென்யாவின் மரம் குடை விரித்திருந்தது. மரத்தடியில் ஒரு வரிக்குதிரை.

"இது எங்கட ஆனை இல்ல மச்சான்," என்றேன்.

"எங்கட ஆனைய ஆர் படம் புடிக்கிற? எல்லாரும் ஓடின. உங்கட ஆனை கொம்பெல்லாம் தெரிய வடிவா நிண்டுது. கேட்டவங்க ஆனைட படம்தானே கேட்ட?"

சில நாட்களில் உரிய காரியாலயத்திலிருந்து விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. யானையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. படத்தில் காணப்படும் கோடு போட்ட குதிரையின் உரிமையாளர் யார், அது ஏன் கட்டப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

நான் முறைப்படி பதில் எழுதினேன். குதிரைக்கு உரிமையாளர் இல்லை. அது கென்யாவில் வசிக்கிறது. யானையும் அங்கேதான் வசிக்கிறது. உடைந்த சுவர் மட்டும் மாவடிப்பள்ளியில் இருக்கிறது. தயவுசெய்து அதை வந்து பாருங்கள். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. யாரும் வரவும் இல்லை.

மாப்பிள்ளையின் உம்மா வந்தார். மணவறையில் நின்று, ஓட்டை வழியே வயலைப் பார்த்தார். "காத்து நல்லாத்தான் வருது. ஆனை வந்த வழியால நாளைக்கு ஆரும் வருவான். இத ஒரு ஒழுங்கு பண்ணுங்க, பொறகு நிக்காஹ் கதைப்பம்," என்றார். ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டார்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "உங்கட சட்டத்துக்காக எண்ட புள்ள கல்யாணம் இல்லாம குமரா இரிக்கணுமா காக்கா?"

தங்கையின் மகள், என் மருமகள், அறை வாசலில் நின்றாள். பிறகு அந்தத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன்.

ஒழுங்கை மறுபடியும் வாசித்தேன். அடைக்கக் கூடாது, திருத்தக் கூடாது. கதவு வைப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உடைந்த கற்களில் கை படாமல், உள்ளே தனிக் கால் நாட்டிக் கதவு நிலை வைக்கலாம். தச்சரை அழைத்தோம். அவர் ஓட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆள் அளவா, ஆனை அளவா?" என்று கேட்டார். ஆனை அளவுதான் தேவைப்பட்டது. நான்கு பலகைக் கதவு.

மாப்பிள்ளையின் உம்மா மறுபடியும் வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், இன்னொரு முறை திறந்தார். "எங்கட பக்கத்தில ஒரு வீட்டிலயும் இப்பிடிக் கதவு இல்ல," என்றார். அன்று தேத்தண்ணி குடித்தார்.

நிக்காஹ் நாளில் முன்வாசல் நெரிசலாக இருந்ததால், மாப்பிள்ளையை வயல் பக்கமாகக் கூட்டிவந்து அந்தக் கதவால்தான் உள்ளே விட்டோம். கதவின் இருபுறமும் உடைந்த கற்கள் உடைந்தபடியே இருந்தன. யாரும் தொடக்கூடாது என்று நான் பக்கத்தில் நின்றேன்.

சேதமடைந்த சுவரைத் திருத்துவதற்கு ஆட்சேபனை இல்லை என்று காரியாலயத்திலிருந்து பதில் வந்தது. அது கைக்குக் கிடைத்தது, மருமகளுக்குப் பிறந்த மகனுக்குப் பெயர் வைத்து முடி இறக்கிய வெள்ளிக்கிழமை.