நாலு மணி மெசேஜ்

குறித்த நேரத்தில் குறித்த வேலையைக் கம்ப்யூட்டரைச் செய்ய வைப்பது என் தொழில். அது ஒழுங்காக நடக்கிற வரைக்கும் இப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் படியுங்கள், உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் படித்தாலும் குடிமுழுகிவிடாது.

எனக்கு அறுபத்தெட்டு வயது. புதுச்சேரியில் கோட் எழுதிப் பிழைத்து, ஓய்வு பெற்று மரக்காணத்துக்குத் திரும்பியவன். சும்மா இருந்திருக்கலாம். உப்பளக்காரர் சங்கத் தலைவர் வந்து ஒரு வேலை சொன்னார். உப்பு வாரும் பெண்கள் நாற்பத்திரண்டு பேர். தினமும் காலை நாலு மணிக்கு அவர்கள் போனுக்கு மெசேஜ் போக வேண்டும்: இன்றைக்கு வேலை உண்டு, இன்ன பாத்தி. நாலரைக்கு வேன். வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டும் என்பதால் வேன் யாருக்காகவும் நிற்காது. மெசேஜ் தவறினால் அன்றைக்கு வேலை போச்சு. செய்கிறேன் என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

வெளிநாட்டு நாலு மணி

சர்வர் எங்கேயோ வெளிநாட்டில். அதன் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதற்கு நாலு அடிக்கும்போது நமக்கு ஒன்பதரை. இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு தடவை விழும் குழி. நான் பல தடவை விழுந்தவன். இந்தத் தடவையும் விழுந்தேன்.

நல்லவேளை, பெண்களுக்கு மேஸ்திரி அஞ்சலை. முதல் நாள் என்பதால் என்னை நம்பாமல், பழைய வழக்கப்படி தானே ஒவ்வொருத்தியையும் போனில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒன்பதரை மணிக்கு வரப்பின் மேல் நாற்பத்திரண்டு போனும் ஒன்றாகக் கத்தியிருக்கின்றன. உடனே என்னைக் கூப்பிட்டாள். "உப்ப வாரிக் குமிச்சாச்சு சார். இப்ப எந்தப் பாத்திக்கு வரச் சொல்றீங்க?"

தூங்குமூஞ்சி

சரிசெய்தேன். ஒரு மாதம் பிசகில்லை. அஞ்சலையும் போன் போடுவதை நிறுத்திவிட்டாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் மெசேஜே போகவில்லை. வேன் டிரைவர் முனுசாமி கூட்ரோட்டில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் காலி வண்டியோடு திரும்பினான். பெண்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரு நாள் வேலை போனது. திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

காரணம் இதுதான். அது ஓசி சர்வர். அதில் நான் போட்டிருந்த பாத்திப் பட்டியல் சைட்டை யாரும் திறக்காவிட்டால் தூங்கிவிடும்; தூங்கினால் மணி தெரியாது. அப்படியென்றால் ஒரு மாதம் எப்படி ஓடியது? அஞ்சலை. எந்தப் பாத்தி என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள, தினமும் நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சைட்டைத் திறந்து பார்த்திருக்கிறாள். அதில்தான் சர்வர் முழித்தது. அன்றைக்கு மகள் பிரசவத்துக்குத் திண்டிவனம் போய்விட்டாள். போய் விஷயத்தைச் சொன்னேன். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள். "நான் ஒரு நாள் ஊருக்குப் போனா உங்க மிஷினும் லீவு போட்டுடுது. இதுல யாரு சார் மேஸ்திரி?"

மழையில் மூன்று அழைப்பு

ஓசி சர்வருக்கு முழுக்குப் போட்டேன். என் வீட்டு மேசையிலேயே ஒரு மிஷினை வைத்தேன். இது தூங்காது. விட்டுப்போன வேலையைத் தேடிப் பிடித்துச் செய்யும்படி ஒரு வரியும் எழுதினேன். அந்த வரியின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

கோடையில் காற்றும் மழையும். மூன்று நாள் கரன்ட் இல்லை. நாலாம் நாள் மதியம் வந்தது. மிஷின் முழித்தது, விட்டதையெல்லாம் பிடித்தது. வேலை உண்டு, வேலை உண்டு, வேலை உண்டு. மூன்று மெசேஜ் வரிசையாக. பாத்தியெல்லாம் ஏரி மாதிரி தண்ணீர், மழை இன்னும் விடவில்லை. முனுசாமி தலையில் கோணிப்பையோடு என் வாசலில் வந்து நின்றான். "மூணு நாள் உப்பையும் இப்பவே வாரணுமா சார், இல்ல கரைச்சுக் குடிச்சுடலாமா?"

டைம்னா டைம்

கர்வப்பட்ட வரியை அழித்தேன். வேறு இரண்டு எழுதினேன். நாலரைக்குள் போகாத மெசேஜ் அப்படியே சாக வேண்டும். இது ஒன்று. நாலுக்குக் கால் மணி இருக்கும்போது அஞ்சலை போனில் ஒரு கேள்வி வரும்: உண்டா, இல்லையா? அவள் வானத்தைப் பார்த்து உண்டு என்று அழுத்தினால்தான் மெசேஜ் போகும். அவள் ஊரில் இல்லாத நாளில் முனுசாமி அழுத்துவான்.

தலைவருக்கு இது பொறுக்கவில்லை. எல்லாம் தானாக நடக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் அடுப்பில் குழம்பு இருந்ததால் அஞ்சலை அழுத்தத் தாமதம். மெசேஜ் நாலு நிமிஷம் லேட். சென்னைக் கம்பெனியிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்துவிட்டார். டைம்னா டைம், ஒரு செகண்ட் பிசகாது என்றார்கள். மழை பெய்தால் என்று கேட்டேன். மழை பெய்தாலும் மெசேஜ் போகும் சார் என்றார்கள், பெருமையாக. அந்தப் பட்டனை எடு, இல்லாவிட்டால் உன்னை எடுக்கிறேன் என்றார் தலைவர்.

"எடுக்க மாட்டேன்" என்றேன்.

பாத்தி காய்ந்து மறுபடி உப்பு பூத்ததும் ஒரு வாரம் போட்டி. வடக்குப் பாத்திப் பெண்கள் இருபத்தொரு பேருக்கு அவர்கள் மெசேஜ். தெற்குப் பாதிக்கு நான். ஐந்து நாளும் அவர்கள் மெசேஜ் டாணென்று நாலு. என்னுடையது நாலு ஒன்று, நாலு மூன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தலைவர் தினமும் எனக்கு அனுப்பினார்.

ஆறாம் நாள் கடல் பக்கம் மின்னிக்கொண்டு வந்தது. அஞ்சலை இல்லை என்று அழுத்தினாள். தெற்குப் பெண்கள் திரும்பிப் படுத்தார்கள். வடக்குப் பெண்களுக்கு நாலு மணிக்கு, ஒரு செகண்ட் பிசகாமல், வேலை உண்டு. வேன் உப்பளத்தைத் தொட்டதும் கொட்டியது. முனுசாமி அவர்களைத் திருப்பிக் கூட்டிவந்து, யாரையும் வீட்டில் இறக்காமல், நேராகத் தலைவர் வீட்டு வாசலில் இறக்கினான். சொட்டச் சொட்ட இருபத்தொரு பேர். அவர்கள் தலைவரிடம் என்ன கேட்டார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

எட்டு மணிக்கு எனக்குப் போன். நாளையிலிருந்து வடக்கையும் நீயே பார் என்றார். பட்டனை எடுத்துவிடவா என்று கேட்டேன். "பட்டன் இருக்கட்டும்யா. ஆனா நாலு நிமிஷம் லேட்டுன்னா லேட்டுதான்."

நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், மரக்காணத்தில் நாலு மணி என்பது அஞ்சலை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்த பிறகுதான் அடிக்கும்.