உள்ளே விட்ட ஓர் அங்குலம்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் என் தையல் கடைக்கு வரும் டேனிஷ்காரர்கள் காற்சட்டையின் நீளத்தைக் குறைக்கச் சொல்வார்கள், சிப் மாற்றச் சொல்வார்கள். தமிழ்ப் பெண்கள் சாறிச் சட்டைக்குத் துணி கொண்டு வருவார்கள். ரண்டர்ஸிலிருந்தும் ஓல்போர்க்கிலிருந்தும்கூட வருவார்கள். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் பிறகுதான். துணியை மேசையில் போட்டதும் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளுக்கு விடுவீங்கள்தானே?" என்பது.

பக்கத் தையலுக்கு அப்பால் ஓர் அங்குலத் துணியை வெட்டாமல் உள்ளே விடுவதைத்தான் கேட்கிறார்கள். சும்மா விட்டால் போதாது. இன்றைய அளவுக்கு ஒரு தையல், காலங்குலம் தள்ளி இரண்டாவது, இன்னும் காலங்குலம் தள்ளி மூன்றாவது. உடம்பு கொஞ்சம் வைத்தால் வீட்டிலேயே முதல் தையலைப் பிரித்துவிடலாம், சட்டை அடுத்த தையலில் நிற்கும். தையல்காரியிடம் வரத் தேவையில்லை. ஒருவரிடமும் சொல்லவும் தேவையில்லை. எங்கள் பெண்களுக்குள் "ஒரு தையல் பிரிச்சிட்டன்" என்றால் அதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். நான் மூன்றாவது தையலில் நிற்கிறேன். எனக்கு அதில் வெட்கமும் இல்லை.

இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்கவில்லை. டென்மார்க்கில் கடை போட்ட பிறகு, வந்தவர்கள் கேட்டுக் கேட்டுக் கையில் ஊறிய பழக்கம். டேனிஷ் கிழவியின் பாவாடைக்கும் இப்போது மூன்று தையல்தான் போடுகிறேன். அவர்கள் கவனிப்பதில்லை. இரண்டு நத்தார் விருந்து கழிந்து, உடம்பு வைத்துத் திரும்பி வரும்போது கவனிக்கிறார்கள்.

அப்படித் திரும்பி வந்த ஒரு கிழவிக்குக் கோப்பன்ஹேகனில் ஒரு மகள். உடுப்பு வடிவமைப்பவள், சிறிய நிறுவனம், சொந்தப் பெயரில். அம்மாவின் கோட்டை நான் திருத்தியிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, ஃபஷன் வீக் என்று அவர்கள் சொல்லும் ஆகஸ்ட் மாத ஆடை வாரத்துக்குப் பன்னிரண்டு உடுப்புகள் தைத்துத் தருவாயா என்று கேட்டாள். அவளை முதலாளி என்றே இங்கே சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எங்கள் கடைத்தெருவில் நின்று பத்திரிகைகளில் பார்த்த விஷயத்துக்குள் நானும் நுழைகிறேன் என்று இரண்டு நாள் நித்திரை வரவில்லை.

பன்னிரண்டையும் தைத்து, பெட்டியில் அடுக்கி, நானே ரயிலில் கொண்டு போனேன். முதலாளி முதல் உடுப்பை எடுத்து உட்பக்கம் திருப்பினாள். உட்துணியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"உள்ளுக்குக் கிடக்கிற உந்தத் துணி என்னத்துக்கு?"

"பிறகு பெருப்பிக்கிறதுக்கு."

"ஒருத்தரும் பெருப்பிக்கப் போறேல்லை. அரைச் சென்ரிமீற்றர் விட்டிட்டு மிச்சத்தை வெட்டு. தொழில் தெரிஞ்ச ஆக்கள் இப்பிடித் தைக்கிறேல்லை."

அவள் பேசியது டேனிஷில். என் தமிழில்தான் அவள் இங்கே பேச வேண்டியிருக்கிறது. டேனிஷில் எல்லாரும் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான் என்பதால் அவளுடைய 'நீ'யை நான் மாற்றவில்லை.

தொழில் தெரிந்த ஆட்கள். பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருப்பவளிடம் சொன்ன சொல். நான் கத்திரிக்கோலை எடுத்தேன். பதினொரு உடுப்புகளின் உட்துணியை அன்று பின்னேரம் முழுவதும் இருந்து வெட்டினேன். வெளித் தையல்கள் இரண்டும் நூல் நூலாகக் குப்பைக் கூடைக்குள் போயின. பன்னிரண்டாவது, மெல்லிய பருத்தியில் மஞ்சள் நிற நீள உடுப்பு. இடுப்பில் ஒட்டிப் பிடித்து, முதுகில் சிப் வைத்தது. நிகழ்ச்சியின் கடைசி உடுப்பு அதுதான். அதைக் கையில் எடுத்தபோது எனக்கு வந்தது மறதி அல்ல, கோபம். உட்துணியை இரண்டு பக்கத் தையலிலும் பின்புறமாகச் சாய்த்து, அயர்ன் பண்ணி, நாலைந்து இடத்தில் சின்னக் கைத்தையல் போட்டு அமுக்கிவிட்டேன். வெளியே தெரியவில்லை. வெட்டிவிட்டாயா என்று அவள் கேட்டபோது "ஓம்" என்று சொன்னேன். முழுப் பொய்.

ஆடை வாரத்தில் அவளுடைய நிகழ்ச்சி நடக்கும் நாளில் அவசரத் திருத்தங்களுக்கு என்று என்னை வரச் சொல்லியிருந்தாள். கறுப்பு உடுப்புத்தான் போட வேண்டும் என்று கட்டளை. ஸ்டேஷனில் இறக்கிவிட்டபோது என் கணவர் சொன்னார்: "இஞ்சேரும், அங்கை போய் வாயைக் கொஞ்சம் அடக்கி வையும்." அவர் கிடங்கில் வேலை செய்பவர், அங்கே அவருடைய மேற்பார்வையாளர்களோடு நான் எப்படிக் கதைப்பேன் என்று ஒருமுறை கண்ணால் கண்டவர்.

துறைமுகத்துப் பழைய கட்டடம் ஒன்றில் நிகழ்ச்சி. முன்பக்கம் வெள்ளைச் சுவரும் வரிசைக் கதிரைகளும். ஒவ்வொரு கதிரையிலும் ஓர் அட்டை. நான் எடுத்து வாசித்தேன்: இந்த உடுப்புகள் ஒரு பருவத்துக்கு அல்ல, ஆயுளுக்கும் உழைக்கும்படி செய்யப்பட்டவை. நல்ல தடித்த அட்டை. அதில் ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பின்பக்கம் வேறு உலகம் என்று சொல்வார்கள். எனக்கு அது கலியாண வீட்டில் பொம்பிளையை அலங்கரித்து வெளிக்கிடுத்தும் அறையாகத்தான் தெரிந்தது. அதே சூடு, அதே தலைமயிர் ஸ்பிரே வாசம், ஒருத்தி ஊசி எங்கே என்று கேட்க நாலு பேர் ஊசி நீட்டும் அதே நெரிசல். சக்கரம் வைத்த கம்பிகளில் உடுப்புகள், ஒவ்வொன்றின் மேலும் அதைப் போட்டு மேடையில் நடக்கப்போகும் பிள்ளையின் புகைப்படம். பாதணிகளின் அடியில் பிசின் நாடா ஒட்டியிருந்தார்கள், பிறகு கீறல் இல்லாமல் கடைக்குத் திருப்பிக் கொடுப்பதற்காம். மூலையில் ஒரு மேசையில் கறுப்புப் பாணும் சீஸும் வெட்டிய கரட்டும். கரட் மட்டும் குறைந்திருந்தது.

தொடங்க நாற்பது நிமிடம் இருக்கும்போது மஞ்சள் உடுப்புக்குரிய பிள்ளை வந்தாள். ஓல்போர்க்காரி, இருபது இருபத்தொரு வயது. ஏப்ரலில் எடுத்த அளவுகளை ஓர் அட்டையில் அனுப்பியிருந்தார்கள், அதை வைத்துத்தான் நான் தைத்தேன். நிகழ்ச்சிக்கு முதல் நாள் போட்டுப் பார்ப்பதற்கு அவள் வரவில்லை, வேறு நிகழ்ச்சியில் நின்றிருந்தாள். உடுப்பு இடுப்பு வரைக்கும் ஏறியது. சிப்பை நான் மேலே இழுத்தேன். பாதியில் நின்றது. இரண்டு விளிம்புக்கும் நடுவில் ஓர் அங்குலம்.

"மூச்சை இழும் பிள்ளை," என்றேன். இழுத்தாள். அசையவில்லை.

அவள் திரும்பாமலே மெல்லச் சொன்னாள்: "மே மாசத்தில இருந்து நான் காலமை சாப்பிடுறனான்."

பிறத்தியார் வீட்டுக் கோப்பையை உடைத்தவள் சொல்வது போலச் சொன்னாள். வளர்ந்த ஒரு பிள்ளை காலைச் சாப்பாட்டுக்கு மன்னிப்புக் கேட்கிறாள்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டாள். சிப்பைப் பார்த்தாள், பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. காதில் பேசும் கருவி மாட்டி நிகழ்ச்சியின் நேரம் பார்த்த பெண்ணைக் கூப்பிட்டு, நாலாவது உடுப்பைப் போடும் பிள்ளை ஓடிவந்து கடைசியையும் போடட்டும் என்றாள். "இவள் வீட்டை போகலாம்." அவ்வளவுதான். காதுக்கருவிக்காரி கம்பியிலிருந்து ஓல்போர்க் பிள்ளையின் படத்தைக் கழற்றினாள். அறையில் இருபது பேர் இருந்தார்கள். எல்லாரும் திடீரென்று தங்கள் தங்கள் வேலையை மிகவும் கவனமாகச் செய்தார்கள்.

முதலாளி அப்பால் போனதும் நான் பிள்ளையின் கையைப் பிடித்து உடுப்புக் கம்பிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். "கழட்டும்," என்றேன். அவள் அழத் தொடங்கியிருந்தாள், வீட்டுக்கு அனுப்பத்தான் கழற்றச் சொல்கிறேன் என்று நினைத்தாள். கம்பியில் தொங்கிய அங்கி ஒன்றை அவள் தோளில் போட்டுவிட்டு, உடுப்பை உட்பக்கம் திருப்பிக் கைத்தையல்களை அறுத்து, "உதைப் பாரும்," என்று காட்டினேன். மூன்று தையல்கள், பக்கத்தில் பக்கத்தில்.

என்னிடம் மெசினும் இல்லை, தைக்க நேரமும் இல்லை. ஆனால் தைக்க என்ன இருக்கிறது? அடுத்த தையல் ஏற்கெனவே அங்கே இருந்தது. தையல் பிரிக்கும் கொக்கியால் முதல் தையலை நாலு நாலு கண்ணாக அறுத்து நூலை இழுத்தேன். வலப்பக்கம் முடிந்தது. முன்துணியில் காலங்குலம், பின்துணியில் காலங்குலம். இடப்பக்கத்திலும் அப்படியே எடுத்தால் அவளுக்கு வேண்டிய ஓர் அங்குலம் சரி. ஊசி போன துளைகளை நகத்தால் தேய்த்து, ஒருத்தியின் கையிலிருந்த நீராவிக் குழாயை வாங்கி அடித்தேன். பருத்தி நல்ல துணி, பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

இடப்பக்கம் பாதியில் இருக்கும்போது முதலாளி மஞ்சள் உடுப்பைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"பெருப்பிக்கிறன்."

"உன்னை வெட்டச் சொன்னனான். வெட்டிட்டன் எண்டு சொன்னனி."

"பொய் சொன்னனான்."

உடுப்பைத் தா என்று கையை நீட்டினாள். நான் நூலை இழுப்பதை நிறுத்தவில்லை.

"இது என்ர நிகழ்ச்சி," என்றாள்.

"ஓம். உடுப்பும் உன்ரதான்." பைக்குள் இருந்த அட்டையை எடுத்து அவளுக்கு முன்னால் பிடித்தேன். "ஆயுளுக்கும் உழைக்கிற உடுப்பெண்டு இதில எழுதியிருக்கிறாய். ஏப்ரலில எடுத்த அளவு ஓகஸ்டுக்கே உழைக்கேல்லை. இந்தப் பிள்ளை காலமை சாப்பிட்டிருக்கிறாள், களவெடுக்கேல்லை. இன்னும் ரெண்டு நிமிசம் தா. சிப் பூட்டுப்படாட்டில் அவளோட நானும் போறன்."

காதுக்கருவிக்காரி நிமிடங்களைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். நாலாவது பிள்ளையின் காலணிக்கும் இந்த உடுப்புக்கும் பொருந்தவில்லை என்று இன்னொருத்தி வேறு வந்து சொன்னாள். முதலாளி அந்தக் காலணியையும் என் கையில் இருந்த உடுப்பையும் பார்த்தாள். கடைசியில், "ரெண்டு நிமிசம்," என்றாள்.

சிப் ஒரே இழுப்பில் மேலே போனது. கழற்றிய படத்தைக் காதுக்கருவிக்காரி திரும்பக் குத்தினாள். பிள்ளை கண்ணைத் துடைத்தாள், மை போடுகிறவள் ஓடிவந்து சரி பண்ணினாள். அவள் நடந்து போனதை நான் நேரே பார்க்கவில்லை. சுவரில் இருந்த சின்னத் திரையில்தான் பார்த்தேன். தலையை நிமிர்த்தி, எங்கேயும் மூச்சைப் பிடிக்காமல் நடந்தாள். வலப்பக்கம், பழைய தையல் இருந்த இடத்தில், விளக்கு விழும்போது மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. தெரியட்டும் என்று நினைத்தேன்.

எல்லாம் முடிந்து, மற்றவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது முதலாளி மஞ்சள் உடுப்பைக் கையில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "கோடு தெரிஞ்சது," என்றாள்.

"ஓம், தெரிஞ்சது."

"நாளைக்கு உடுப்பு எடுக்கிற கடைக்காரர் வந்து உள்பக்கமும் திருப்பிப் பார்ப்பினம். மிச்சத் துணியை இப்பவே வெட்டு."

பிள்ளை அங்கியோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்திரிக்கோலை எடுத்து, பிடி முதலாளி பக்கம் வரும்படி மேசையில் வைத்தேன். "நான் வெட்டமாட்டன். வெட்டுறதெண்டால் நீயே வெட்டு."

வெட்ட மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வெட்டினாள். நின்ற நிலையிலேயே, இரண்டு பக்கமும், என்னுடைய கத்திரிக்கோலால். மூன்றாவது தையல் மஞ்சள் நாடாக்களாக நிலத்தில் விழுந்தது. பிறகு கத்திரிக்கோலைத் திருப்பி வைத்துவிட்டு, இனி உனக்கு வேலை அனுப்ப மாட்டேன் என்றாள். நான் ஊசிப்பெட்டியை மூடினேன். அப்போது வாயைத் திறந்திருந்தால் டேனிஷில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் வந்திருக்கும்.

ஹோர்சன்ஸ் ஸ்டேஷனுக்கு வந்த கணவர் என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்: "வாய் திறந்தனீரோ?"

"திறந்தனான்."

"வேலை?"

"போச்சு."

அவர் காரை எடுத்தார். வீட்டில் இறங்கும்போது, "உப்பிடித்தான் வரும் எண்டு தெரியும்," என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்று அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. அந்த வேலை எனக்கு விருப்பமாகத்தான் இருந்தது. இன்றைக்கும் ஆகஸ்ட் வந்தால் பத்திரிகையில் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் விட்டுவிடுகிறேன்.

அந்த வருடம் ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை கடைக் கதவு திறந்தது. ஓல்போர்க் பிள்ளை. முதலாளியின் அம்மாவைப் பிடித்து விலாசம் விசாரித்து, ரயிலில் வந்திருந்தாள். கருநீலக் கம்பளித் துணி ஒன்றை என் மேசையில் வைத்தாள்.

"எனக்கு ஒரு உடுப்புத் தைப்பீங்களோ? உள்ளுக்கு விட்டு."

டேனிஷில் அவளும் 'நீ' என்றுதான் சொன்னாள். 'நீங்கள்' என்று மாற்றியது நான். எழுதுகிறவள் நான்தானே.

அளவு நாடாவை எடுத்ததும், நான் சுற்றும் முன்பே தன் இடுப்பளவை மனப்பாடமாகச் சொன்னாள். ஏப்ரல் அட்டையில் இருந்த அதே இலக்கம். நான் தலையாட்டிவிட்டு, நாடா காட்டியதைக் கொப்பியில் எழுதினேன். அது என்னவென்று அவளுக்குச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் மூன்று தையல்தான். அவளுக்கு நான்கு போட்டேன்.