மெதுவாகப் போன வேன்

என் அத்தையைப் போல ஒரு மோசமான டீச்சரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. சொந்த அத்தையைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள், மூன்றாம் வகுப்பில் அவளிடம் ஒரு வருஷம் கணக்குப் படித்துவிட்டு வந்து கேட்கட்டும்.

வகுப்புக்குள் நுழையும்போதே முகம் கடுகடுவென்று இருக்கும். மர ஸ்கேலால் மேசையில் ஓங்கி ஒரு தட்டு. அதற்குப் பிறகு நாங்கள் மூச்சு விடுவதுகூட மெதுவாகத்தான். யாரையும் அடித்ததில்லை, அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்படி ஒரு பார்வை பார்ப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நெற்றி நிறையத் தைலத்தைத் தேய்த்து, துண்டால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். டீச்சர் வேலை என்றால் தலைவலியும் அதோடு சேர்ந்ததுதான் போல என்று நினைத்திருந்தேன்.

எனக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிவிட்டால் அவளை அத்தை என்று கூப்பிடக் கூடாது, மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருநாள் வகுப்பில் அவசரத்தில், "அத்த, ஒண்ணுக்கு" என்று எழுந்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பீரியட் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன். ஒண்ணுக்கும் போகவில்லை.

அத்தை கல்யாணமான ஒரே வருஷத்தில் சூட்கேஸோடு எங்கள் புவனகிரி வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை, ஊரில்தான் பேசினார்கள். அப்பா கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தார். யூரியா விலையைக் கேட்க வருகிறவர்கள் அடுத்ததாக அவர் தங்கையைப் பற்றித்தான் கேட்பார்கள். அப்பா யார் யாரையோ பிடித்து, சிதம்பரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே அவளை டீச்சராகச் சேர்த்துவிட்டார். "டீச்சரா இருக்குதுன்னு சொல்லிட்டா அதுக்கு மேல எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்" என்று அம்மாவிடம் சொன்னார். உண்மையாகவே அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு அதில் அவ்வளவு நிம்மதி.

அந்த நிம்மதியில்தான் அத்தை கை வைத்தாள். புவனகிரிப் பக்கம் வந்துபோகும் பள்ளிக்கூட வேனின் டிரைவர் திருப்பூருக்குப் போய்விட்டார். அந்த வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கரஸ்பாண்டன்ட்டிடம் போய்க் கேட்டிருக்கிறாள். டியூஷன் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் எப்போதோ லைசென்ஸ் வாங்கி அவள் பெட்டிக்குள் வைத்திருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. டீச்சர் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள், டிரைவர்தான் கிடைப்பதில்லை என்று கரஸ்பாண்டன்ட் உடனே சரி என்றுவிட்டாராம்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பாவின் குரல் உயர்ந்தது. "டீச்சரம்மா வேன் ஓட்டப் போறாங்களாம். ஊர்ல கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

"வேன் ஓட்டுதுன்னு சொல்லுண்ணே."

"அதுக்குத்தான் நாயா பேயா அலைஞ்சி இந்த வேலைய வாங்கிக் குடுத்தனா?"

"அந்த ரூமுக்குள்ள போனாலே எனக்கு நெஞ்ச அடைக்குதுண்ணே. புள்ளைங்க என்னப் பாத்து நடுங்குதுங்க. எனக்கே என்னப் புடிக்கல." தட்டிலிருந்து நிமிர்ந்து அத்தை கேட்டாள். "வண்டி ஓட்ட எனக்கு நீதான கத்துக்குடுத்த?"

அது உண்மை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் சொந்த நிலம் இருந்த காலத்தில், பாவாடை தாவணியில் இருந்த தங்கையை டிராக்டரில் உட்காரவைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அப்பாதான். அவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை.

பேசவில்லை என்றால், நேராகப் பேசவில்லை. அத்தை எதிரிலேயே நிற்பாள். அப்பா என்னிடம், "கரண்டு பில்லு கட்டியாச்சான்னு உங்க அத்தையக் கேளு" என்பார். "கட்டியாச்சுன்னு சொல்லு" என்பாள் அவள். இரண்டு பேர் காதிலும் விழுந்ததையே நான் இரண்டு பேரிடமும் திருப்பிச் சொல்வேன். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அத்தைதான் ஒருநாள் அடுப்படியில் அம்மாவிடம் அழுதாள். "வேலைக்கெல்லாம் நான் பயப்படல அண்ணி. அண்ணன் பேசாம இருக்கிறதத்தான் என்னால தாங்க முடியல."

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்த அத்தையைக் கண்டதும் வேனில் இருந்த அத்தனை பிள்ளைகளும் எழுந்து, "குட்மார்னிங் மிஸ்" என்று இழுத்தார்கள். உயரமான ஒருவன் கூரையில் தலையை இடித்துக்கொண்டான். பிறகு எல்லோரும் கையைக் கட்டி, வாயில் விரலை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பழைய டிரைவர் காலத்தில் பாட்டும் சண்டையுமாக டிபன் பாக்ஸ் பறந்த வேன் அது.

அத்தை கண்ணாடியில் பார்த்தாள். "பேசுங்கப்பா" என்றாள். யாரும் பேசவில்லை. "சத்தம் போடுங்கடா, ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று பிள்ளைகள் இன்னும் இறுக்கமாகக் கையைக் கட்டிக்கொண்டார்கள். எல்.கே.ஜி. வாண்டு ஒன்று அழ ஆரம்பித்தது. அத்தையின் முகம் வாடிப்போனது. எத்தனையோ நாள் அப்படியேதான் போனோம். இதற்கு அந்த வகுப்பறையே தேவலாம் என்று அவள் நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஒருநாள் காலை, வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு அவசரம் வந்துவிட்டது. வேன் என்பது கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா, மிஸ்ஸா அத்தையா என்று ஒரே குழப்பம். அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில், "அத்த, ஒண்ணுக்கு" என்று கத்திவிட்டேன்.

அத்தை வண்டியை ஓரம் கட்டினாள். "இதுக்கு ஏன்டி இவ்ளோ நேரம் அடக்கிகிட்டு கெடந்த? வேற யாருக்கு வருது?"

அத்தனை கையும் மேலே போனது.

அத்தை சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பையன்களைச் சாலையின் இந்தப் பக்கமும் எங்களைக் கருவேலம் புதர்ப் பக்கமும் அனுப்பிவிட்டு, நடுவில் நின்றுகொண்டு சிரித்தாள். திரும்பி ஏறும்போது எல்.கே.ஜி. வாண்டு, "அத்த, தூக்கி விடு" என்றது. அந்த வாரம் முடிவதற்குள் அவள் எல்லோருக்கும் அத்தையாகிவிட்டாள். வேனில் காது கிழிந்தது. வீட்டு ஜன்னலில் இருந்த தைல பாட்டில் தூசி படிந்து அப்படியே கிடந்தது.

எங்களுக்கு இருந்த ஒரே குறை, அத்தை ஓட்டுகிற வேகம். டவுன் பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் எங்களை முந்தும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கூட ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போகும். நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாக மானம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்களை முந்தாத வண்டி ஒன்றே ஒன்றுதான், அப்பாவின் பழைய மொபெட். முன்னால் ஒரு சின்ன வேப்பம்புண்ணாக்குப் பையை வைத்துக்கொண்டு தினமும் வருவார். சிதம்பரத்துக்குள் நுழைகிற வண்டிகேட் ஸ்டாப் வந்ததும் திரும்பிவிடுவார். அங்கே யாருக்குப் புண்ணாக்கு கொண்டுபோகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கையாட்டினால், பார்க்காதவர் மாதிரி வயல் பக்கம் திரும்பிக்கொள்வார். என்மேலும் கோபம் போல என்று விட்டுவிட்டேன்.

"அத்த, எல்லாரும் முந்துறாங்க. கொஞ்சம் வேகமாத்தான் போயேன்."

அத்தை கண்ணாடியைப் பார்த்தாள். "போவலாம் போவலாம். பின்னாடி வண்டி வருதுல்ல."

திரும்பிப் பார்த்தேன். அப்பாவைத் தவிர யாரும் இல்லை. அத்தைக்குக் கண்ணாடி பார்க்கவே தெரியவில்லை என்று முடிவு செய்தேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் மொபெட் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. நான் சொல்வதற்கு முன்பே வேனும் நின்றது. "யாரும் எறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அத்தை குடையோடு இறங்கிப் பின்னால் நடந்தாள். மங்கலான கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் ஏதோ சொல்கிறாள், அப்பா ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு இருவருமாக மொபெட்டைத் தள்ளிவந்து பாலத்து முனை டீக்கடையில் விட்டார்கள். அப்பா புண்ணாக்குப் பையோடு வேனில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அத்த, இது யாரு?" என்றது எல்.கே.ஜி.

"எங்க அண்ணன். எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தவரு."

அவ்வளவுதான், வேனில் பழையபடி கூச்சல். ஒருவன் பாடினான், ஒருத்தி அடுத்தவள் ஜடையைப் பிடித்து இழுத்தாள். அத்தை ஓட்டிக்கொண்டே ஒருவனைத் திட்டினாள், திட்டிக்கொண்டே சிரித்தாள். அப்பா மடியில் பையை வைத்துக்கொண்டு வழியெல்லாம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டிகேட்டில் இறங்கியவர் டிரைவர் ஜன்னலருகே போய் நின்றார். என்னிடம் ஏதாவது சொல்லி அனுப்புவார் என்று நான் எழுந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"சாயந்தரம் எத்தன மணிக்கு இந்தப் பக்கம் வருவ?"

அத்தை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "நாலேகாலுக்குண்ணே."

"இங்கயே நிக்கிறேன்."

சாயங்காலம் அதே இடத்தில், அதே பையோடு நின்றார். புவனகிரிக்கு எந்நேரமும் பஸ் இருக்கிறது. கடையையும் விட்டுவிட்டு எதற்கு இப்படி நாளெல்லாம் காத்திருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை, சரிசெய்த மொபெட் கடை வாசலிலேயே நின்றது; பின்கண்ணாடியில் அதைக் காணோம். அத்தை ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தாள். கியரை மாற்றினாள். பாலத்திலேயே வைக்கோல் டிராக்டரை முந்தினோம், அடுத்து டவுன் பஸ்ஸை. வேன் முழுக்க ஓவென்று கத்தியது. அன்று ராத்திரி, "அத்தைக்கு இப்பத்தான் நல்லா ஓட்ட வருது" என்று வீட்டில் சொன்னேன். அப்பாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது.

காலேஜில் சேர்ந்தபோது அந்த மொபெட்டை அப்பா எனக்குக் கொடுத்தார். எவ்வளவு முறுக்கினாலும் அது முப்பதுக்கு மேல் போகாது.