கொப்பரைக் களத்துக்குப் பக்கத்தில் தெர்மாகோல் பாக்டரி

தெர்மாகோல் தயாரிப்பவன் காற்றை அச்சில் ஏற்றி விற்பவன். அதே காற்று ஒருநாள் அவனைக் காட்டிக்கொடுக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் பொள்ளாச்சி ரோட்டில் அப்படியொரு பாக்டரியில் நான் சூப்பர்வைசர். பம்ப் கம்பெனிகளுக்குப் பேக்கிங் செய்து கொடுத்தோம். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

கோபமில்லாத மனு

உடைந்த தெர்மாகோலைப் பின்பக்கம் குவித்துக் கொளுத்துவது எங்கள் வழக்கம். உத்தரவு என்னுடையது. கரி பறந்துபோய்ப் பக்கத்துக் களத்தில் காயும் கொப்பரைமேல் உட்காரும் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

காங்கேயத்து எண்ணெய் மில்காரர் கரி படிந்திருக்கிறதென்று ஒரு லோடு கொப்பரையைத் திருப்பி அனுப்பியதும் களத்துக்காரர் சாமியப்பன் அரசாங்கத்துக்கு மனு போட்டார். அதிகாரி வந்து, மூன்று மாதத்தில் புகை நிற்காவிட்டால் கரண்ட்டைப் பிடுங்கிவிடுவதாகச் சொல்லிப் போனார். நாற்பது பேரின் வேலை என் தலையில் ஏறியது. அன்று சாயங்காலம் சாமியப்பனே இரண்டு இளநீரோடு வந்தார். "உங்க மேல கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, மனு மட்டும் குடுத்துப்போட்டனுங்க."

கருப்பும் வெள்ளையும்

எரிக்கக் கூடாதென்றால் அரைத்து, புது தெர்மாகோல் மணியோடு கலந்து மறுபடி அச்சில் ஏற்ற வேண்டும். கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்காரர் பழைய கடலை உடைக்கும் மெஷினை அதற்குத் தோதாக மாற்றிக் கொடுத்தார். அருமையாக அரைத்தது. வலை கட்டாமல் ஓட்டிப் பார்த்தது மட்டும் என் புத்திசாலித்தனம்.

அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அரைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வேலி தாண்டியது. அரை நாள் நானும் ஆட்களும் களத்தில் குந்தி, கொப்பரையில் ஒட்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். சாமியப்பன் எல்லோருக்கும் மோர் கொடுத்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்க, கருப்பு வேண்டாம்னு சொன்னா வெள்ளை வேணும்னு அர்த்தமுங்களா?"

பம்புக்குப் பொட்டு

வலை கட்டினோம். பாதிக்குப் பாதி கலந்ததில் வார்த்த பேக்கிங் பொரி உருண்டை மாதிரி உதிர்ந்தது. குறைத்துக் குறைத்து, நாலில் ஒரு பங்கு என்று வந்தபோதுதான் உதிராமல் நின்றது. ஆனால் பழைய தூசு சாம்பல் புள்ளிகளாகத் தெரிந்தது.

பம்ப் கம்பெனி பர்ச்சேஸ் ஆபீசர் ஒரு சின்னக் கீறலுக்கே சரக்கைத் திருப்பி அனுப்புகிறவர். நான் விளக்கத் தொடங்குமுன் ஒரு பம்பை அந்தப் பேக்கிங்கில் வைத்துக் கட்டி, மேஜையிலிருந்து கீழே தள்ளிவிட்டார். எனக்கு உயிர் போய் வந்தது. பிரித்துப் பார்த்தால் பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபீசர் புள்ளிகளைத் தடவிப் பார்த்துச் சொன்னார். "பம்புக்குத் திருஷ்டிப் பொட்டுன்னு வச்சுக்கலாமுங்க."

ஓட்டைக் குழாய்

எரிப்பது நின்றும், அச்சுக்கு நீராவி கொடுக்கும் பாய்லரின் புகை நிற்கவில்லை. பாய்லர்காரர் காதர் பாயைத் தினமும் திட்டினேன். ஒருநாள் அவர் என் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். இணைப்புக்கு இணைப்பு நீராவி கசிந்தது. சுடுதண்ணீர் சாக்கடையில் ஓடியது. அதை ஈடுகட்டத்தான் ஈர விறகு வரை திணித்துக்கொண்டிருந்தார். கசிவை அடைத்து, சுடுதண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி, காய்ந்த விறகாகக் கொடுத்ததும் புகை மெலிந்தது. பாய் சிரிக்கக்கூட இல்லை. "மூணு வருசமாச் சொல்றனுங்க, நீங்க புகையை மட்டுந்தான் பாத்தீங்க."

அதிகாரியின் கைக்குட்டை

கெடு முடிந்த அன்று அதிகாரி வந்தார். பாக்டரியைச் சுற்றிப் பார்த்தார். நேராகக் களத்துக்குப் போய், வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஒரு கொப்பரையைத் துடைத்தார். கைக்குட்டையில் கருப்பாக ஒரு கோடு விழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது பாக்டரிக் கரிதானே என்று அதிகாரி கேட்டார். சாமியப்பன் தலையாட்டியிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். அவர் கைக்குட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "இல்லீங்க, நேத்து மழைக்கு நாந்தானுங்க மட்டையக் கொளுத்திக் காய வெச்சேன், இந்தக் கரி எங்களுதுங்க."

சட்டத்துக்குப் பயந்து திருந்தினோம் என்று ஆபீஸ் பைலில் எழுதி வைத்திருக்கிறோம். மோர் கொடுத்த மனிதர் முகத்தில் முழிக்க வேண்டுமே என்றுதான் திருந்தினோம் என்பதை எழுத அந்த பைலின் படிவத்தில் கட்டம் இல்லை.