கோழிக்கூண்டுச் சாமி

ஆறு மாதமாக ஒரு கோயிலைக் கோழிக்கூண்டு என்று நினைத்து, அதற்குள் மிச்ச ரொட்டியைப் பிய்த்துப் போட்டுவந்தவன் நான். கோழி ஒருநாளும் கண்ணில் படவில்லை. ரொட்டி மட்டும் மறுநாள் இருக்காது. கூச்ச சுபாவமுள்ள கோழி என்று முடிவுகட்டியிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில், வளைகுடாவில் சோஹார் ஊருக்கு வெளியே சாலை போடுகிறவர்களின் கேம்ப். எங்களோடு தைவான்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் மெஸ்ஸுக்குப் பின்னால் நின்ற சிவப்புப் பலகைப் பெட்டிதான் என் கோழிக்கூண்டு. ஒரு மத்தியானம் மலையில் பெய்த மழை, வறண்டு கிடந்த ஓடையில் வெள்ளமாக இறங்கி, பாதி கேம்பை அடித்துக்கொண்டு போனது. பெட்டியும் போனது. தண்ணீர் வடிந்ததும் தைவான்காரர்கள் ரூமைக்கூடப் பார்க்காமல் சேற்றைக் கிளறினார்கள். கருத்த முகமும் நீளத் தாடியுமாக ஒரு சாமி வெளியே வந்தது.

"எலே, ஒன் கோழிக்குத் தாடி மொளைச்சிருக்கு பாரு!" என்றான் என் திருநெல்வேலி ரூம்காரன்.

வேலையில்லாத வெள்ளிக்கிழமைகளில் கூடிக் கோயிலை மறுபடி கட்டினார்கள். இந்தத் தடவை சிமென்ட் மேடை, தகரக் கூரை. வேடிக்கை பார்க்கப் போனேன் என்று சொல்லலாம். ஆனால் மனசுக்குள் வேறு கணக்கு. தை மாதம் தங்கச்சி கல்யாணம். அண்ணன் வராமல் மணையில் உட்காரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம் அவள். வேலை பின்தங்கியதால் யாருக்கும் லீவு இல்லை என்று கேம்ப் முழுக்கப் பேச்சு.

சாமிக்குப் பொறுப்பு அவர்களுடைய சமையல்காரர். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை ஹிந்திதான்.

"சாமி ரொட்டி சாப்பிடுமா, பாய்?"

"நீ போட்டதா? எலி தின்னுச்சு."

பிறைபோல் வளைந்த இரண்டு மரத்துண்டுகளைக் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பது மாதிரி, கேள்வியை நினைத்துக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டை, ஒன்று மேடு என்று விழுந்தால் சரி. இரண்டும் மேடாக விழுந்தால் கிடையாது. இரண்டும் தட்டையாக விழுந்தால் சாமி சிரிக்கிறது.

லீவு கிடைக்குமா என்று கேட்டுப் போட்டேன். சிரித்தது. ஊதுபத்தி ஏற்றிப் போட்டேன். சிரித்தது. செருப்பைக் கழற்ற மறந்தது ஞாபகம் வந்து, கழற்றிவிட்டுப் போட்டேன். அப்போதும் சிரிப்புதான்.

"ஏன் பாய் இப்படிச் சிரிக்குது?"

"மேனேஜர் என்ன சொன்னார்?"

"அவர்ட்ட இன்னும் கேக்கலை. பயமா இருக்கு. அதான் இங்க வந்தேன்."

அவர் துண்டுகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஆபீஸ் அந்தப் பக்கம், பாய்."