தம்பி அனுப்பிய கேமரா

அம்மை படுக்கையில் விழுந்த பிறகு, வளைகுடாவில் இருந்த என் தம்பி போன் செய்யும்போதெல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: எந்தக் கேமரா வாங்கட்டும்? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மைக்குக் கஞ்சித்தண்ணிகூட சரியாக இறங்கவில்லை. முட்டத்து வீட்டில் நான் ஒருத்தி அவளைத் திருப்பிப் படுக்க வைத்து, துணி மாற்றி, இடுப்பு ஒடிந்துபோய் உட்காரும் நேரம் பார்த்து இவன் கேமரா பேச வருவான்.

“எக்கா, ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு, லென்ஸ் அதுலயே பொருத்தினது, கழத்த முடியாது. ஆனா சூம் கெடந்து நீளும். லைட் அவுஸ் மேல நிக்கியவனுக்க மீசைய நம்ம மொட்டைமாடியில நின்னு எடுக்கலாம்.”

“அவனுக்க மீசை எனக்கு எதுக்குலே?”

“இல்லெங்கி மத்தது. கையடக்கமா இருக்கும், லென்ஸக் கழத்தி மாட்டலாம். இருட்டு முறியிலயும் பளிச்சுன்னு விழும். பின்ன ஆவசியத்துக்கு வேற லென்ஸ் வாங்கிக்கிடலாம்.”

“அதெல்லாம் கெடக்கட்டும். நீ எப்பம் வாறே?”

“வாறேன் எக்கா. கம்பெனியில பேசிட்டுதான் இருக்கேன். அதுக்குள்ள நீ ஒரு முடிவு சொல்லு.”

அவனுக்கு நீள சூம் உள்ளதில்தான் ஆசை. அம்மை ஆயுள் முழுக்கக் கரையில் மீன் ஏலம் எடுத்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்று எங்களை வளர்த்தவள். படுத்த இடத்திலிருந்து அவளுக்குக் கடல் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். நான் மாடியில் நின்று வள்ளங்களை எடுத்துக் கீழே கொண்டுவந்து காட்டினால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்பது அவன் கணக்கு. எனக்கோ மற்றது வேண்டும். அம்மை கிடந்தது பின்னால் உள்ள இருட்டு அறையில். என் போனில் எடுத்து அனுப்பிய படங்களில் அவள் முகம் கரியாகத்தான் விழுந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவன் பேச்சுப் பாதியிலேயே போனை வைத்துவிட்ட நாளும் உண்டு.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. “ஏலே, கடல அம்மை பாத்துக் கண்ணு பூத்தாச்சு. இனி பாக்க வேண்டியது நீ. அம்மைக்க மொகத்தப் பாக்க வேண்டியது நீதான். இருட்டுல விழுகதையே அனுப்பு” என்று கத்தினேன்.

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “சரி எக்கா” என்றான்.

அம்மை உள்ளேயிருந்து, “என்னட்டி சொல்லுகான்?” என்றாள்.

“கேமரா வாங்கப் போறானாம்.”

“அவன் ஒரு சோடி செருப்பு வாங்கவே ஊருல உள்ள கடையெல்லாம் ஏறி இறங்குவான். கேமராவா? வாங்கிக் கிழிச்சான்” என்று சிரித்தாள். சிரித்த வேகத்தில் இருமல் வந்துவிட்டது. இருமி ஓய்ந்ததும், “வாறானாமா?” என்று கேட்டாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். எனக்கும் அதுதான்.

வந்தது அவனில்லை. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த குளச்சல்காரர் ஒருவர் ஊருக்கு வரும்போது கேமராவைக் கொண்டுவந்தார். வேறு கம்பெனியில் வேலை பார்ப்பவர். சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தம்பியின் கம்பெனியைப் பூட்டி எத்தனையோ மாதமாகிறது. பாஸ்போர்ட் முதலாளி கையில். முதலாளி எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. தம்பியின் விசா முடிந்துவிட்டது, வெளியே இறங்கினால் போலீஸ் பிடிக்கும்.

“அப்பம் கேமரா பாக்கக் கடைகடையா அலையுதேன்னு சொன்னானே?”

“அவன் எங்கயும் போகல்ல அக்கா. கட்டில்ல கெடந்து போன்ல பாப்பான். ராவும் பகலும் அதுதான் பேச்சு. இது பக்கத்து முறிக்காரன் வச்சிருந்தது, அவன் கால்ல விழாத குறையா கேட்டு வாங்கினான்.”

அவன்மேல் நான் பட்ட எரிச்சலெல்லாம் அப்போது போன இடம் தெரியவில்லை. பாவி மட்டை, அம்மைக்காக அங்கே இருந்துகொண்டு அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

கேமராவோடு ஒரே ஒரு லென்ஸ்தான் வந்தது. சூம் கிடையாது. பக்கத்தில் உள்ளதை மட்டும் எடுக்கலாம். மற்ற லென்ஸை வரும்போது நானே கொண்டுவருவேன் என்று சொல்லியனுப்பியிருந்தான்.

ஆனால் முகம் விழுந்தது. அப்படி விழுந்தது! சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலே போதும், பின்னால் இருந்த மருந்துப் பாட்டிலும் கொடித்துணியும் மங்கிப்போய் அம்மை மட்டும் தெரிவாள். முதல்முறை நான் கேமராவைத் தூக்கியதும் அவள், “பொறுட்டி, தலைய ஒதுக்கிக்கிடுதேன்” என்று நடுங்கும் கையால் முடியை ஒதுக்கினாள். “எங்க பாக்கணும்?” என்றாள். லென்ஸைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டு, “மக்கா, சாப்பிட்டியா?” என்று கேட்டாள். என்னையல்ல.

அந்தப் படத்தை அனுப்பினேன். “எக்கா, அம்மை என்னையப் பாக்குது” என்றான்.

அம்மை ஒரு காலையில், மாதா கோயிலில் முதல் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் சவப்பெட்டியைக் கோயிலுக்கு எடுக்குமுன் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைச் சுற்றி நின்று படம் எடுப்பது வழக்கம். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வர முடியாமல் அக்கரையில் கிடப்பவனுக்கு அந்தப் படம்தான் அடக்கம். தம்பி போனில் அழுது அழுது குரல் அடைத்துப்போய், “வேற ஆளு எடுக்காண்டாம் எக்கா. அந்தக் கேமராவுல நீயே எடு” என்றான்.

எடுக்கப்போனால் கூட்டம் படத்துக்குள் அடங்கவில்லை. எங்கள் சந்து அகலம் குறைவு. பின்னால் போய்ப் போய் எதிர்வீட்டுச் சுவரில் முதுகு இடித்தது. அப்போதும் பெட்டியின் பாதிதான் உள்ளே வந்தது. “போயும் போயும் இப்படியொரு கேமராவா? பாதிக் குடும்பம் வெளிய நிக்கி!” என்று மாமா கத்தினார். அவன் ஆசைப்பட்ட நீள சூம் கேமராவாக இருந்தால், சூமைச் சுருக்கி அகலமாக்கி எல்லாரையும் படத்துக்குள் கொண்டுவந்திருக்கலாம். நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே எல்லார் முகமும் நீலமாக இருந்தது. நான் தலைமாட்டுப் பக்கம் ஒன்றும் கால்மாட்டுப் பக்கம் ஒன்றுமாக எடுத்தேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கித் தருவதாகச் சொன்ன ஸ்டுடியோக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, “பெத்த மக்கள் எங்க?” என்றார். எடுத்தவள் நான், அதனால் நானும் படத்தில் இல்லை. வராதவர்களைச் சேர்த்து ஒட்டுவது அவர்களுக்குப் பழகிய வேலை. என்னை அங்கேயே ஒரு துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார். தம்பியிடம், வெள்ளைச் சட்டை போட்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து நின்று ஒரு படம் அனுப்பச் சொன்னார்.

மறுநாளே அனுப்பிவிட்டான். அந்தப் படத்தைத் திரையில் போட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். இரும்புக் கட்டில் ஓரமாக நிற்கிறான். ஆள் பாதியாகியிருந்தான். கட்டிலில் ஒரு தலையணை. குனிந்து நின்றவன், யாரும் சொல்லாமலே அந்தத் தலையணைமேல் கையை வைத்திருந்தான், காய்ச்சல் பார்ப்பதுபோல.

ஸ்டுடியோக்காரர் கட்டிலை அழித்தார், தலையணையை அழித்தார். அவனை நகர்த்திப் பெட்டியின் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தார். அவன் கை அம்மையின் நெற்றியில் போய் இருந்தது.

“சரியா இருக்காம்மா?” என்று கேட்டார். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நான் ஓவென்று அழுதேன்.